ஹூடினியின் கதையை இரண்டு முறை சொன்னேன்

போன கோடை விடுமுறையில் நடந்த ஒரு சங்கதியை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என் பேரில் இருந்ததால் எழுதக் கொஞ்சம் கூச்சம். இப்போது எழுதிவிடுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஓர் அம்மா தன் பத்து வயதுப் பையனை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். விடுமுறைக்கு எங்கள் தெருவில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு வந்து போகும் பையன்தான்.

"சார், ஞாயித்துக்கெழமை இவனுக்கு இன்னா கதை சார் சொன்னீங்க?"

சொன்னேன். அவர் சொன்னதைக் கேட்டதும் காபி இறங்கவில்லை. பையன் ஊருக்குப் போனதும் தன் தம்பியிடம் நைலான் கயிற்றைக் கொடுத்துக் காலைக் கட்டச் சொல்லியிருக்கிறான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கரையில் நின்ற படகிலிருந்து தண்ணீரில் குதித்துவிட்டான். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அவன் மாமா பார்த்துவிட்டதால் பிழைத்தான். மார்பளவு தண்ணீர்தான். ஆனால் காலும் கையும் கட்டியிருப்பவனுக்கு மார்பளவு என்ன, முழங்கால் அளவே போதும்.

நான் சொன்ன கதை ஹூடினியின் கதை. எந்தச் சங்கிலியில் கட்டினாலும், எந்தச் சிறையில் போட்டாலும், எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டித் தண்ணீரில் எறிந்தாலும் வெளியே வந்துவிடும் வித்தைக்காரர். என் பேத்தி சென்னையிலிருந்து வந்திருந்தாள். அவளோடு தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். கதை கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? எனக்கும் வாய் சும்மா இருக்காது.

இந்த மனிதர் எனக்கு எப்படிப் பழக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குப் புதுச்சேரி துறைமுகத்தில் சின்ன வேலை. அதனால் நான் படித்ததெல்லாம் அங்கே, பிரெஞ்சில். 1962-ல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அந்த வருஷம், எங்கள் வாத்தியார் 'திக்தே' கொடுத்தார். திக்தே என்றால் அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். அன்றைய பாடம் ரொபேர்-ஊதேன் என்ற பிரெஞ்சு வித்தைக்காரரைப் பற்றியது. பிரெஞ்சில் முதல் எழுத்தான 'எச்' ஒலிக்காது, அதனால் 'ஊதேன்'. தமிழ்ப் பிள்ளைகள் சும்மா இருப்போமா? "ஊதேன்டா, நாதஸ்வரம் ஊதேன்டா" என்று சிரித்து, வகுப்பே முட்டி போட்டது.

இந்த ஊதேன் பிளுவா என்ற ஊரில் 1805-ல் பிறந்தவர். அப்பா கடிகாரக்காரர். பிள்ளைக்கும் அதே தொழில். கடிகாரம் செய்வதைப் பற்றிய புத்தகம் வாங்கப் போனவருக்குக் கடைக்காரர் தவறுதலாக வித்தைப் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டாராம். அதிலிருந்து பிடித்த பைத்தியம். அவருடைய சொந்தப் பெயர் ரொபேர் மட்டும்தான். ஊதேன் என்பது மனைவி வீட்டுப் பெயர். மாமனாரும் கடிகாரக்காரரே.

1856-ல் பிரெஞ்சு அரசாங்கம் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்கள் மதித்த பெரியவர்களுடைய செல்வாக்கைக் குறைத்து, பிரெஞ்சுக்காரன் வித்தையே பெரிது என்று காட்டுவதற்காக. மேடையில் ஒரு சிறு பெட்டியை வைப்பார். ஒரு குழந்தை அதைத் தூக்கும். பிறகு ஊரிலேயே பலசாலியான ஒருவரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வார். அசையாது. மேடைக்கு அடியில் மின்காந்தம். பன்னிரண்டு வயதில் அந்தப் பாடத்தைப் பெருமையோடு எழுதினேன். நாமும் அப்படி ஆளப்பட்டவர்கள்தான், அந்தப் பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றவர் நம் பக்கத்து ஆள் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. வித்தை யார் கையில், எதற்காக என்பதும் கதையில் சேர்த்திதான்.

அந்த ஊதேன் எழுதிய சுயசரிதத்தை அமெரிக்காவில் ஓர் ஏழைப் பையன் படித்தான். அவன் பெயர் எரிக் வைஸ். 1874 மார்ச் 24 அன்று ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்தில் பிறந்தவன். அப்பா யூத மத குரு. 1878-ல் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்த குடும்பம். அப்பாவுக்கு வேலை நிலைக்கவில்லை. பையன் பேப்பர் போட்டான், செருப்புக்குப் பாலிஷ் போட்டான், நியூயார்க்கில் கழுத்துப் பட்டை தைக்கும் இடத்தில் துணி வெட்டினான். ஊதேன் மேல் உள்ள பக்தியில், பெயரின் கடைசியில் ஓர் 'இ' சேர்த்தால் 'அவரைப் போல' என்று அர்த்தம் வரும் என்று நண்பன் சொன்னதை நம்பி, ஹூடினி ஆனான். அப்படி ஒரு அர்த்தம் பிரெஞ்சில் கிடையாது.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஹூடினியும் வித்தை காட்டினார். அதே கண்காட்சியையொட்டி நடந்த சர்வ மத மகாசபையில்தான் செப்டம்பரில் விவேகானந்தர் பேசினார். அன்று ஹூடினிக்கு வயது பத்தொன்பது. யாருக்கும் அவரைத் தெரியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளைகளுக்குச் சொன்னது இதற்குப் பிறகு வரும் பகுதியை மட்டும். 1904 மார்ச்சில் லண்டனில் ஒரு பத்திரிகை, ஐந்து வருஷம் பாடுபட்டுச் செய்ததாகச் சொல்லப்பட்ட ஒரு விலங்கைக் கொண்டுவந்து அவர் கையில் மாட்டியது. நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடுகிறார். நடுவில் புழுக்கம் தாங்கவில்லை. கோட்டைக் கழற்ற விலங்கை ஒரு நிமிஷம் திறந்துவிடுங்கள் என்கிறார். முடியாது என்கிறார்கள். பேனாக்கத்தியைப் பல்லால் திறந்து, கோட்டையே கிழித்துத் துண்டு துண்டாக எறிந்துவிட்டு மறுபடி திரைக்குள் போகிறார். கடைசியில் விலங்கோடு அல்ல, விலங்கைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார்.

1908-ல் பால் கேன் வித்தை. பெரிய தகரக் கேன், உள்ளே நிரம்பத் தண்ணீர். அதற்குள் இறங்குவார், மேலே மூடிப் பூட்டுவார்கள். அவர் உள்ளே போகும்போது பார்ப்பவர்களையும் மூச்சை அடக்கச் சொல்வார். ஒரு நிமிஷத்துக்குள் அரங்கமே மூச்சு வாங்கிவிடும். அவர் மட்டும் வரமாட்டார். எங்கள் திண்ணையிலும் பிள்ளைகளை மூச்சு அடக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஜெயித்தது அந்தக் குப்பத்துப் பையன். ஏரியில் முக்குளித்து வளர்ந்தவன், கேட்பானேன்? எல்லோரும் கை தட்டினோம். நான் தான் பலமாகத் தட்டினேன்.

பாருங்கள், என் தப்பு அங்கேதான். குதித்ததைச் சொன்னேன், கைதட்டலைச் சொன்னேன். அவனையே ஹூடினி ஆக்கி வீட்டுக்கு அனுப்பினேன்.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு ஏரியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பழவேற்காடு ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான். அதனாலேயே ஏமாற்றும். முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் இழுத்தால் நல்ல நீச்சல்காரனுக்கும் கஷ்டம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் போனதை யார் மறக்க முடியும்? அந்த ஏரிக்கு முன்னால் இருக்கும் பிள்ளைக்கு நான் சொன்ன கதை அது.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒன்னும் வேணா சார், வுடுங்க" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. "உக்காருங்கம்மா, பாதிக் கதைதான் சொல்லியிருக்கேன். மீதியையும் அவன் கேட்கட்டும். நீங்களும் கேளுங்க" என்றேன். பேத்தி ஓடிப்போய் மற்றப் பிள்ளைகளைக் கூட்டி வந்தாள்.

இரண்டாம் முறை நான் ஆரம்பித்தது குளியல் தொட்டியிலிருந்து. ஹூடினி நியூயார்க்கில் 1904-ல் வாங்கிய வீட்டில் பெரிய குளியல் தொட்டி ஒன்றைப் போட்டிருந்தார். அதில் மூழ்கிக் கடிகாரத்தை வைத்து மூச்சடக்கப் பழகினார். இன்றைக்கு இவ்வளவு, நாளைக்குக் கொஞ்சம் கூட என்று மாதக்கணக்கில். குளிர்காலத்தில் ஆற்றில் குதிக்க வேண்டுமென்றால், அதே தொட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி உடம்பைப் பழக்கினார்.

பிறகு பூட்டு. சிறுவயதிலிருந்தே அவருக்குப் பூட்டைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம். போகிற ஊரிலெல்லாம் விலங்குகளை வாங்கிச் சேர்த்தார். அந்தக் காலத்து விலங்குகளில் ஒரே மாதிரிச் செய்தவைக்கெல்லாம் ஒரே சாவிதான் என்பதும், சில வகையைச் சரியான இடத்தில் தட்டினாலே திறக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மந்திரம் எதுவும் இல்லை. தாலுகா ஆபீஸில் பழைய குமாஸ்தா எந்த பைல் எந்த பீரோவில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

மூன்றாவதாகச் சொன்னது கோடாலி. 1912-ல் பெர்லினில் அவர் புதிதாக ஒன்று காட்டினார். முன்பக்கம் கண்ணாடி வைத்த தண்ணீர்த் தொட்டி. கால் இரண்டையும் மரச்சட்டத்தில் மாட்டித் தலைகீழாக உள்ளே இறக்கிப் பூட்டிவிடுவார்கள். திரை போட்டதும் பார்ப்பவர்களுக்கு வயிறு கலங்கும். ஆனால் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் அவருடைய உதவியாளர் ஒருவர் கையில் கோடாலியோடு நின்றுகொண்டே இருப்பார். நேரம் தாண்டினால் கண்ணாடியை உடைக்க. உலகத்திலேயே பெரிய வித்தைக்காரர், நூறு முறை செய்து பழகிய வித்தை, அப்படியும் கோடாலிக்காரன் இல்லாமல் அவர் தண்ணீருக்குள் போகவில்லை.

"ஆளு நின்னாரா, பக்கத்துல?" என்று பையன் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"நின்னார். எப்பவும்."

அவன் அம்மா சொன்னார்: "உங்க அப்பா தனியா படகு எடுத்துகினு போயி நீ எப்பனா பாத்துக்கிறியாடா?" அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று.

அப்புறம் கல்கத்தாவில் நடந்ததைச் சொன்னேன். சொல்லலாமா என்று யோசித்தேன். ஏரிப் பிள்ளைகளிடம் மறைப்பதுதான் தப்பு என்று பட்டது. சஞ்சல் லாஹிரி என்று ஒரு வங்காளி வித்தைக்காரர். மாண்ட்ரேக் என்று மேடைப் பெயர். ஹூடினியைப் போல ஆற்றிலிருந்து தப்பிக்கும் வித்தையை 2019 ஜூன் 16 ஞாயிற்றுக்கிழமை ஹூக்ளி நதியில், ஹௌரா பாலத்துக்குப் பக்கத்தில் செய்தார். கையும் காலும் சங்கிலியாலும் கயிற்றாலும் கட்டி, ஆறு பூட்டுப் போட்டு, கிரேனில் தூக்கி ஆற்றில் இறக்கினார்கள். ஏறத்தாழ இருபது வருஷத்துக்கு முன்பு அதே ஆற்றில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தவர்தான். திறக்க முடிந்தால் வித்தை, முடியாவிட்டால் விபரீதம் என்று இறங்குமுன் சொன்னாராம். கரையிலும் பாலத்திலும் சனம் காத்திருந்தது. அவர் வரவில்லை. மறுநாள் உடல்தான் கிடைத்தது. பழக்கப்பட்டவர், பெரியவர், எல்லா ஏற்பாடும் செய்தவர். ஆறு அதையெல்லாம் பார்ப்பதில்லை.

திண்ணை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு என் பேத்தி கேட்டாள், "அப்போ ஹூடினியும் தண்ணியிலதான் செத்தாரா தாத்தா?"

நம்மில் பல பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காரணம் 1953-ல் வந்த ஹாலிவுட் படம். டோனி கர்ட்டிஸ் ஹூடினியாக நடித்தது. அதில் அந்தக் கண்ணாடித் தொட்டியிலேயே அவர் கதை முடிகிறது. நிஜத்தில் அவரைக் கொண்டுபோனது குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைட்டிஸ்.

1926 அக்டோபரில் வித்தையின்போது கணுக்கால் எலும்பு முறிந்தது. அதோடு அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். 22-ம் தேதி மாண்ட்ரியல் நகரத்தில், சோபாவில் சாய்ந்திருந்தவரின் வயிற்றில் ஒரு மாணவன் பலமாகப் பல குத்துக் குத்தினான். எந்தக் குத்தையும் தாங்குவீர்களாமே என்று கேட்டுவிட்டு, அவர் வயிற்றை இறுக்கிக்கொள்ளுமுன் குத்திவிட்டான். பிறகு வயிற்று வலி. குடல்வால் கெட்டதற்கு அந்தக் குத்துதான் காரணமா என்று இன்றும் வாதம் உண்டு. ஆனால் வலியை அவர் அடக்கிக்கொண்டார் என்பதில் வாதம் இல்லை. 24-ம் தேதி டெட்ராய்ட்டில் 104 டிகிரி காய்ச்சலோடு மேடை ஏறினார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. அறுத்துப் பார்த்தபோது குடல்வால் வெடித்து விஷம் பரவியிருந்தது. பென்சிலின் வராத காலம். அக்டோபர் 31 அன்று போய்விட்டார். வயது 52.

"வயித்த வலிச்சா சொல்லணும், அடக்கக் கூடாது" என்று ஒரு சின்னப் பெண் சொன்னாள். நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஒன்று சொன்னேன், அந்த அம்மா கேட்பதற்காகவும். ஹூடினிக்குத் தாயார் மேல் உயிர். 1913-ல் அவர் இறந்த பிறகு, ஆவியோடு பேச வைக்கிறோம் என்பவர்களிடமெல்லாம் போனார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிய கோனன் டாயில் அவருடைய நண்பர். டாயிலின் மனைவி 1922-ல் தாயாரின் ஆவி வந்து எழுதியதாகப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். மேலே ஒரு சிலுவைக் குறி, எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஹூடினியின் தாயார் யூத குருவின் மனைவி, ஆங்கிலம் தெரியாதவர். அன்று அவருடைய பிறந்த நாள் வேறு. அதைப் பற்றி ஆவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நட்பு அதோடு கசந்தது. அதன் பிறகு சாகும் வரை, துக்கத்தில் இருப்பவர்களிடம் காசு பறிக்கும் ஆவிக்காரர்களின் குட்டை உடைப்பதே அவர் வேலையாயிற்று. நான் செய்வது வித்தை, கண்ணை ஏமாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்கிறேன்; அவர்கள் அதை நிஜம் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் வாதம். அவர் போன பிறகு, முடிந்தால் ஆவியாய் வந்து பேசுவதாக மனைவிக்குச் சொல்லி வைத்திருந்த சங்கேத வார்த்தைக்காக அந்த அம்மாள் பத்து வருஷம் காத்திருந்தார். 1936-ல், போதும் என்று விட்டுவிட்டார்.

"எங்க குப்பத்துலயும் ஒருத்தர் குறி சொல்றேன்னு வர்றாரு சார்" என்றார் பையனின் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்த மனிதர் சேர்த்து வைத்த புத்தகங்கள் சுமார் 4,000. அவை அவருடைய உயில்படி அமெரிக்க நாட்டு நூலகத்துக்குப் போயின. குருவாக நினைத்த ஊதேனைப் பற்றியே 1908-ல் அவர் ஒரு புத்தகம் எழுதி, அவருடைய பெருமைகளில் பலவும் பொய் என்று வாதாடினார். கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டார் என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவில்லை. பெரியவர்கள் நமக்குத்தான் இது உறைக்கும்.

சொல்லி முடித்து, என் டிரங்குப் பெட்டியிலிருந்து சாவி தொலைந்த பழைய பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்தேன். ஆபீஸில் இருந்த காலத்தில் வாங்கியது. பையன் கையில் கொடுத்து, "தண்ணிக்குப் போகாதே. இதைத் திற. உடைக்கக் கூடாது. எப்படித் திறந்தேன்னு எனக்குச் சொல்லணும்" என்றேன். ஹூடினியும் அங்கிருந்துதான் ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் கழித்து வந்தான். பூட்டு பேப்பரில் பொட்டலமாக வந்தது, நாலு துண்டாக. மாமாவின் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பிரித்தானாம். உள்ளே எது எதைத் தள்ளுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினான். எழுபது வயதைத் தாண்டிய எனக்கு அன்றுதான் ஒரு பூட்டு எப்படிப் பூட்டுகிறது என்று தெரிந்தது. திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்பிரிங் மட்டும் காணோம். தெறித்து எங்கோ விழுந்துவிட்டதாம். தேடிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் ஹூடினியைச் சொல்லுங்கள். நல்ல கதை, பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்பார்கள். ஆனால் குளியல் தொட்டியையும் கோடாலிக்காரரையும் விட்டுவிடாதீர்கள்.